புதிய ஃபிரிட்ஜ் வாங்குமுன்: சமையலறையிலிருந்து தொடங்கும் ஒரு வழிகாட்டி

முதன்முறையாக ஃபிரிட்ஜ் வாங்கப் போகிறவர்களில் பலர் கடைக்குள் நுழைந்த பிறகுதான் அதைப் பற்றி யோசிக்கவே தொடங்குகிறார்கள். வரிசையாக நிற்கும் பெட்டிகளின் கதவுகளைத் திறந்து மூடி, விற்பனையாளர் அடுக்கும் லிட்டர் கணக்கையும் ஸ்டார் கணக்கையும் கேட்டுத் தலைசுற்றி, கடைசியில் கதவின் நிறமும் அன்றைய தள்ளுபடியும் பிடித்துப்போன ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். பத்து ஆண்டுகளுக்குக் குறையாமல், இரவு பகலாக ஓடப்போகும் ஒரு பொருளை அரை மணி நேரத்தில் தேர்ந்தெடுப்பது நியாயமில்லை. தமிழ்நாட்டில் குடியிருக்கும், நாள்தோறும் வீட்டில் சமைக்கும் ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்து இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. ஓர் அளவு நாடாவும், கடைசியாக வந்த மின் கட்டண விவரமும், வீட்டில் இருப்பதிலேயே பெரிய மாவுப் பாத்திரமும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் வேலையில் பாதி வீட்டிலேயே முடிந்துவிடும்.

முதலில் பாத்திரத்தை அளக்கவும்

லிட்டர் கணக்கிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். நான் பாத்திரத்திலிருந்து தொடங்கச் சொல்கிறேன். நம் வீட்டு ஃபிரிட்ஜில் மற்றவை எல்லாம் இடத்துக்குத் தக்கபடி ஒடுங்கிக்கொள்ளும். இட்லி மாவு மட்டும் ஒடுங்காது. நான்கு பேர் உள்ள வீட்டில் மூன்று, நான்கு நாளைக்கு அரைத்து வைக்கும் மாவு ஐந்து லிட்டர் எவர்சில்வர் தூக்கில் பாதிக்கு மேல் நிற்கும். உள்ளே வைத்த பிறகும் புளிப்பு மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும் என்பதால், அதற்கு மேலே பொங்க இடம் விட்டாக வேண்டும். எங்கள் வீட்டில் முன்பு வாங்கிய ஃபிரிட்ஜில் இந்த ஒன்றைப் பார்க்கத் தவறினோம். தட்டுகளுக்கு இடையிலான உயரம் தூக்கின் மூடியைவிட இரண்டு விரற்கடை குறைவாக இருந்தது. நடுத்தட்டைக் கழற்றிப் பரண்மேல் போட்டோம். அது கடைசிவரை அங்கேயே கிடந்தது. பெயருக்கு 190 லிட்டர், ஆனால் அதில் ஒரு தளம் முழுவதும் மாவுக்கும் மாவின் தலைக்கு மேலிருந்த காற்றுக்கும் என்றாகிவிட்டது.

ஆகவே மாவுத் தூக்கின் உயரத்தை மூடியோடு சேர்த்தும், அகலத்தைக் கைப்பிடியோடு சேர்த்தும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதன் கீழே, ஒரு வாரத்தில் உள்ளே போய்வரும் மற்றவற்றையும் எழுதுங்கள்: பால் பாக்கெட்டுகள் எத்தனை, காய்கறியை ஒரே நாளில் வாரத்துக்கு மொத்தமாக வாங்குகிறீர்களா அல்லது தினமும் வாசலில் வரும் வண்டியில் வாங்குகிறீர்களா, ஞாயிற்றுக்கிழமைக் கறியும் மீனும் அன்றே தீர்ந்துவிடுமா அல்லது ஃப்ரீசரில் போய் உட்காருமா, முந்தின நாள் குழம்பை எடுத்து வைக்கும் பழக்கம் உண்டா. மீனை வாங்கிச் சேமிக்கும் வீட்டுக்கு ஃப்ரீசர் பெரியதாக இருக்க வேண்டும். சைவச் சமையல் மட்டுமே நடக்கும் வீட்டில் ஃப்ரீசர் என்பது பெரும்பாலும் ஐஸ்கட்டித் தட்டும் துருவிய தேங்காயும் தங்கும் இடம்தான். அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

இந்தப் பட்டியல் கையில் இருந்தால் லிட்டர் கணக்கு தானாக வந்துவிடும். பொதுவாக இரண்டு பேருக்கு 180 முதல் 200 லிட்டர், நான்கு பேருக்கு 230 முதல் 300 லிட்டர், அதற்கு மேற்பட்ட குடும்பத்துக்கு 300 லிட்டருக்கு மேல் என்பது சரியாக வரும். தினமும் சந்தைக்குப் போகிறவர்கள் ஒரு படி குறைத்துக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை வாங்குகிறவர்கள் குறைக்கக் கூடாது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, மொத்தக் கொள்ளளவும் பொருள் வைக்கக்கூடிய கொள்ளளவும் வேறுவேறு என்பது. கதவில் பெரிதாக ஒட்டியிருக்கும் எண் பல சமயம் மொத்தக் கொள்ளளவாகவே இருக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது எண். ஒப்பிடும்போது எல்லா மாடல்களுக்கும் அந்த ஒரே கணக்கைக் கேளுங்கள்.

இடமும், அந்த இடத்துக்குப் போகும் வழியும்

ஃபிரிட்ஜ் நிற்கப்போகும் இடத்தின் அகலம், ஆழம், உயரம் மூன்றையும் அளந்துவிட்டு, பக்கவாட்டில் சுமார் 5 சென்டிமீட்டரும் பின்புறம் சுமார் 10 சென்டிமீட்டரும் காற்றோட்டத்துக்காகக் கழித்துக்கொள்ளுங்கள். உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுவதுதான் ஃபிரிட்ஜின் வேலை; தள்ளிய வெப்பம் போக வழியில்லாமல் சுவரோடு ஒட்டி நின்றால் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடும், மின்சாரமும் கூடும். கேஸ் அடுப்புக்குப் பக்கத்திலும், மேற்கு வெயில் நேராக விழும் சன்னலுக்கு எதிரிலும் வைக்காமல் இருப்பது நல்லது. வேறு இடமே இல்லையென்றால் அடுப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும் இடையே ஒரு பலகைத் தடுப்பாவது வேண்டும்.

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் பாருங்கள். பெரும்பாலான பெட்டிகளில் கீல் வலப்பக்கம் இருக்கும். வலப்பக்கச் சுவரோடு ஒட்டி வைத்தால் கதவு முழுவதும் திரும்பாமல் பாதியில் இடிக்கும். பாதி திறந்த கதவில் பாலை எடுத்துவிடலாம், ஆனால் கீழேயிருக்கும் காய்கறித் தட்டை இழுக்க முடியாது. பிறகு வழி. தெருவாசல், மாடிப்படித் திருப்பம், சமையலறை நிலை ஆகிய மூன்றில் மிகக் குறுகலானது எதுவோ அதன் அகலமே நீங்கள் வாங்கக்கூடிய ஃபிரிட்ஜின் உச்ச அளவு. பழைய வீடுகளின் சமையலறை நிலை பல இடங்களில் இரண்டரை அடிதான் இருக்கும். அதற்குள் பக்கவாட்டுக் கதவுகள் கொண்ட, ஏறத்தாழ மூன்றடி அகலப் பெட்டி நுழையாது. அது கூடத்திலேயே நின்றுவிடும்.

மூன்று துளைகளும் சரியான எர்த் இணைப்பும் கொண்ட தனிப் பிளக் பாயின்ட் அந்த இடத்தில் இருக்க வேண்டும். கிரைண்டருக்கும் ஃபிரிட்ஜுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் பகிர்ந்துகொடுக்கும் ஏற்பாடு வேண்டவே வேண்டாம்.

டைரக்ட் கூலா, ஃப்ராஸ்ட் ஃப்ரீயா?

கடையில் இந்தக் கேள்வி ‘சிங்கிள் டோரா, டபுள் டோரா’ என்ற உருவத்தில் வரும். கதவின் எண்ணிக்கை வெளித்தோற்றம் மட்டுமே. வேறுபாடு குளிர்விக்கும் முறையில் இருக்கிறது. டைரக்ட் கூல் வகையில் மேலேயுள்ள ஃப்ரீசர் பெட்டியின் சுவர்களே குளிர்ந்து, குளிர்ந்த காற்று தன் கனத்தால் தானே கீழே இறங்குகிறது. காற்றிலுள்ள ஈரம் அந்தச் சுவர்களில் பனிக்கட்டியாகப் படிந்துகொண்டே போகும். அதை அவ்வப்போது பொத்தானை அழுத்திக் கரைக்க வேண்டும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையில் மறைவாக இருக்கும் குளிர்ச் சுருளின் மேல் ஒரு மின்விசிறி காற்றை வீசி எல்லாத் தட்டுகளுக்கும் அனுப்புகிறது. சுருளில் படியும் பனியை ஒரு சிறு ஹீட்டர் குறித்த இடைவெளியில் தானே உருக்கிவிடுகிறது. உருகிய நீர் பின்புறத்தில் கம்ப்ரஸருக்கு மேலுள்ள தட்டில் விழுந்து அந்தச் சூட்டிலேயே ஆவியாகிப் போகிறது.

டபுள் டோர் உயர்ந்தது, சிங்கிள் டோர் தாழ்ந்தது என்று ஒரு மதிப்பு நம்மிடையே படிந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. டைரக்ட் கூல் பெட்டி விலை குறைவு. விசிறியும் ஹீட்டரும் இல்லாததால் மின்சாரமும் குறைவு, பழுதாகும் உறுப்புகளும் குறைவு. உள்ளே ஈரம் தங்குவதால் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் மல்லிகைச் சரமும் அதில் அவ்வளவு எளிதில் வாடுவதில்லை. ஃப்ராஸ்ட் ஃப்ரீ பெட்டியில் ஓடும் காற்று உலர்ந்தது. திறந்து வைத்த சோறு மறுநாள் அரிசி போல விறைத்துவிடும், எல்லாவற்றையும் மூடி வைக்க வேண்டும். மறுபுறம், மீனையும் கறியையும் நாள்கணக்கில் உறைய வைக்கிறவர்களுக்கும், எப்போதும் நிரம்பியிருக்கும் பெரிய பெட்டியில் எல்லாத் தட்டும் ஒரே சீராகக் குளிர வேண்டும் என்பவர்களுக்கும் ஃப்ராஸ்ட் ஃப்ரீதான் சரி. 250 லிட்டருக்கு மேல் போனால் பெரும்பாலும் அந்த வகையே கிடைக்கும் என்பதால் கேள்விக்கே இடமிருக்காது.

டைரக்ட் கூல் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஃப்ரீசரில் இறுகிய பனியையோ அதில் ஒட்டிக்கொண்ட ஐஸ் தட்டையோ கத்தியால் நெம்பக் கூடாது. நான் நெம்பியிருக்கிறேன். ‘உஸ்’ என்று ஊசி முனை அளவு ஓசை வந்தது, ஒரு நிமிடத்தில் நின்றும் போனது. அன்று மாலை பால் திரிந்த பிறகுதான் குளிரூட்டும் வாயு முழுவதும் வெளியேறிவிட்டது என்று விளங்கியது. ஃப்ரீசரின் அலுமினியச் சுவருக்குள்ளேயே வாயு ஓடும் குழாய் இருக்கிறது. இன்றைய வீட்டு ஃபிரிட்ஜுகள் பலவற்றில் இருக்கும் ஆர்-600ஏ என்ற ஐசோபியூட்டேன், ஓசோன் படலத்தைக் கெடுக்காதது, புவி வெப்பத்தைக் கூட்டுவதிலும் மிகக் குறைவானது, ஆனால் எரியக்கூடியது. இருப்பது சில பத்து கிராம்தான், பயப்படத் தேவையில்லை. துளை போடாமல் இருந்தால் போதும்.

இவ்விரண்டுக்கும் அப்பால், ஃப்ரீசர் கீழேயும் குளிர்ப்பகுதி மேலேயும் அமைந்த மாடல்கள் உண்டு. காய்கறிக்காக நாளுக்குப் பத்துமுறை குனிய முடியாத, முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் சமைக்கும் வீட்டுக்கு அது நல்ல அமைப்பு. விலை சற்றுக் கூடும். ஃப்ரீசரைச் சாதாரணக் குளிர்ப்பகுதியாக மாற்றிக்கொள்ளும் வசதி சைவ வீடுகளுக்கும், பண்டிகை நாள்களுக்கும் பயன்படும். கதவில் தண்ணீர்க் குழாய், கைப்பேசி இணைப்பு போன்றவை பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை, இல்லாமலும் குளிரும்.

ஸ்டாரைப் பார்க்காமல் யூனிட்டைப் பாருங்கள்

மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் வழங்கும் ஸ்டார் லேபிளில் பெரிதாகத் தெரிவது நட்சத்திரங்கள். அவற்றின் கீழே அச்சிட்டிருக்கும் ஆண்டு மின்நுகர்வு யூனிட் எண்தான் உங்களுக்கு வேண்டியது. டைரக்ட் கூலுக்கு ஓர் அளவுகோல், ஃப்ராஸ்ட் ஃப்ரீக்கு வேறோர் அளவுகோல். அதிலும் கொள்ளளவு கூடக் கூட அனுமதிக்கப்படும் யூனிட்டும் கூடும். அதனால் ஐந்து ஸ்டார் பெற்ற பெரிய பெட்டி, மூன்று ஸ்டார் பெற்ற சிறிய பெட்டியைவிட அதிக மின்சாரம் குடிக்கலாம். அளவுகோலையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடுமையாக்குகிறார்கள். ஆகவே பழைய லேபிளில் உள்ள நான்கு ஸ்டாரும் புதிய லேபிளில் உள்ள நான்கு ஸ்டாரும் ஒன்றல்ல. லேபிளில் ஆண்டு குறிக்கப்பட்டிருக்கும், பாருங்கள். லேபிள் உண்மையானதா என்று சரிபார்க்க அந்தச் செயலகத்தின் கைப்பேசிச் செயலியும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுவதால், லேபிளில் உள்ள ஆண்டு யூனிட்டை 6-ஆல் வகுத்தால் ஒரு கணக்கீட்டுக்கு ஃபிரிட்ஜின் பங்கு என்ன என்பது தெரிந்துவிடும். ஓர் எடுத்துக்காட்டுக்கு, ஒரே கொள்ளளவுள்ள இரண்டு பெட்டிகளில் ஒன்று ஆண்டுக்கு 240 யூனிட், மற்றது 180 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 40, 30. வேறுபாடு 10 யூனிட். குறைவாகக் குடிப்பது 3,000 ரூபாய் விலை கூடுதல் என்றால், அந்த 3,000 எப்போது திரும்பி வரும்? இதற்கு விடை வீட்டுக்கு வீடு மாறும். நம் கட்டணம் படிப்படியாக ஏறுவது. தொடக்க யூனிட்டுகள் இலவசம், மேலே போகப் போக யூனிட் விலை கூடும், 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் இடைப்பட்ட யூனிட்டுகளுக்கான சலுகையும் போய்விடும். எனவே மிச்சப்படும் 10 யூனிட் உங்கள் கணக்கின் உச்சியிலிருந்து கழிகிறது. அந்த உச்சி யூனிட் 5 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 300 ரூபாய்தான் மிச்சம், பத்து ஆண்டு காத்திருக்க வேண்டும். ஏசி ஓடும், 500-ஐத் தாண்டும் வீட்டில் அதே யூனிட் 9 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 540. ஐந்தரை ஆண்டில் பணம் திரும்பிவிடும். மின் கட்டண விவரத்தைக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். லேபிளில் உள்ள எண் சோதனைக்கூடத்தில், கதவைத் திறக்காமல் அளந்தது. வீட்டில் சற்றுக் கூடவே வரும். எல்லா மாடலுக்கும் இது பொருந்தும் என்பதால் ஒப்பீடு கெடாது.

இன்வெர்ட்டர், வோல்டேஜ், வெயில்

‘இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜ்’ என்றதும் மின்சாரம் போனாலும் ஓடும் என்று நம்பி வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் பேட்டரி எதுவும் கிடையாது. சாதாரணக் கம்ப்ரஸர் முழு வேகத்தில் ஓடும் அல்லது நின்றுவிடும். இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓடும். அதனால் ஓசையும் மின்நுகர்வும் குறையும், தொடங்கும்போது சாதாரணக் கம்ப்ரஸர் ஒரே இழுப்பாக இழுக்கும் மின்னோட்டமும் இராது. வீட்டில் பேட்டரி இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் ஃபிரிட்ஜை அதில் இணைக்க நினைத்தால், அது தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டு இந்த வகையைத் தேர்ந்தெடுக்கலாம். மின்வெட்டு நேரத்தில் எந்த ஃபிரிட்ஜும் கதவைத் திறக்காமல் இருந்தால் சுமார் நான்கு மணி நேரம் குளிரைத் தாங்கும்.

‘ஸ்டெபிலைசர் தேவையில்லை’ என்று எழுதியிருந்தால், எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை என்று கேளுங்கள். மாடலுக்கு மாடல் அது மாறும். மாலையில் குழல்விளக்கு எரிய அடம்பிடிக்கும், பம்ப்செட்டுகள் ஓடும் ஊர்ப்புறமாக இருந்தால், அந்த எல்லையை உங்கள் பகுதி எலக்ட்ரீஷியனிடம் சொல்லி அவர் கருத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. தனி ஸ்டெபிலைசர் வாங்குவதானால், மின்சாரம் போய் வந்ததும் சில நிமிடம் தாமதித்து இணைப்புக் கொடுக்கும் வகையாக வாங்குங்கள். கம்ப்ரஸருக்கு அந்த இடைவெளி தேவை.

பெட்டியின் விவரத் தட்டில் தட்பவெப்ப வகை குறிக்கப்பட்டிருக்கும். ‘டி’ எனப்படும் வெப்பமண்டல வகை 43 டிகிரி செல்சியஸ் வரையிலான சுற்றுப்புறத்துக்கென வடிவமைக்கப்பட்டது. ‘என்’ வகைக்கு எல்லை 32 டிகிரிதான். வேலூர், கரூர் சித்திரை வெயிலை அறிந்தவர்களுக்கு எதை வாங்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. கடலோரத்தில் இருப்பவர்கள் பின்புறத் தகட்டையும் அடிப்பகுதியையும் பாருங்கள். உப்புக்காற்று முதலில் தின்பது அங்கேதான்.

கடையில்

இப்போது கடைக்குப் போகலாம். எழுதி வைத்த அளவுகளோடு போய், தட்டுகளுக்கு இடையிலான உயரத்தை அளந்து பாருங்கள்; விற்பனையாளர் சிரித்தால் சிரிக்கட்டும். தட்டு கம்பியா, உறுதியூட்டிய கண்ணாடியா, இடம் மாற்றிப் பொருத்த முடியுமா என்று பாருங்கள். கதவின் ரப்பர் கேஸ்கட்டுக்கு இடையே ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள்; தாள் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும், வழுக்கிக்கொண்டு வரக் கூடாது.

‘பத்து ஆண்டு வாரன்டி’ என்பது பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டும். முழுப் பெட்டிக்கும் வழக்கமாக ஓராண்டுதான். கம்ப்ரஸர் வாரன்டியிலும் உறுப்பு இலவசம், ஆனால் வாயு நிரப்பும் செலவும் கூலியும் வண்டி வாடகையும் நம் தலையில் என்ற நிபந்தனை இருக்கலாம். அட்டையை வாங்கிப் படித்துவிடுங்கள். பிராண்டைப் பற்றிக் கடைக்காரரைவிட உங்கள் தெருவில் ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் மெக்கானிக்கிடம் கேட்பது மேல். எதற்கு உதிரிப்பாகம் மறுநாளே கிடைக்கிறது, எதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதை அவர் விரல்விட்டுச் சொல்வார்.

ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளியிலும் விலை இறங்குவது உண்மை. கடையில் தேங்கிய பழைய ஆண்டு மாடல்கள் வெளியே வருவதும் அப்போதுதான். விலை கணிசமாகக் குறைவாக இருந்தால் பழைய மாடலை வாங்குவதில் தவறில்லை, லேபிளின் ஆண்டைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். வட்டியில்லாத் தவணை என்றால், மொத்தப் பணத்துக்கு என்ன விலை, தவணைக்கு என்ன விலை, செயலாக்கக் கட்டணம் எவ்வளவு என்று மூன்றையும் கேட்டால் வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஜிஎஸ்டி எண்ணுள்ள ரசீதை வாங்காமல் நகராதீர்கள்.

வீட்டுக்கு வந்த நாள்

பெட்டியைப் பிரிக்கும்போதே நசுங்கல், கீறல் இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்துவிடுங்கள். வரிசை எண் ரசீதோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். கொண்டுவந்தவர்கள் மாடிப்படியில் அதைப் படுக்கவைத்துத் தூக்கியிருந்தால், கம்ப்ரஸரின் எண்ணெய் தன் இடத்துக்கு இறங்கச் சில மணி நேரம் நிமிர்ந்து நிற்கவிட்ட பிறகே மின் இணைப்புக் கொடுக்க வேண்டும். கதவு தானே மெல்ல மூடிக்கொள்ளும்படி முன்காலைச் சற்று உயர்த்தி, உள்ளே ஒன்றும் வைக்காமல் இரண்டு, மூன்று மணி நேரம் ஓடவிடுங்கள்.

உள்ளே திருகியில் உள்ள எண்கள் வெப்பநிலையைக் குறிப்பவை அல்ல. பெரும்பாலான பெட்டிகளில் எண் கூடினால் குளிர் கூடும். நடுவில் வைத்துத் தொடங்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை இரவு முழுவதும் வைத்துப் பாருங்கள். 4 டிகிரியை ஒட்டி இருந்தால் சரி. ஃப்ரீசருக்கு மைனஸ் 18 டிகிரி. பாலையும் தயிரையும் கதவில் வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு; பெட்டியிலேயே சூடான இடம் அந்தக் கதவுதான். பாலை ஃப்ரீசருக்குக் கீழேயுள்ள தட்டுக்கு மாற்றிவிட்டு, ஊறுகாயையும் சாஸையும் தண்ணீர் பாட்டிலையும் கதவுக்கு அனுப்புங்கள். சுடச்சுடக் குழம்பை உள்ளே வைக்காமல், ஆறவிட்டு, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் வைத்துவிடுங்கள்.

பழைய ஃபிரிட்ஜ் இருந்தால் எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதோ, அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் ஒப்படைப்பதோ சரியான வழி. தெருவில் வரும் பழைய இரும்பு வண்டிக்குப் போட்டால், செம்புக் குழாய்க்காக அதை வெட்டி வாயுவைக் காற்றில் விட்டுவிடுவார்கள். எடுத்துப்போக ஆள் வரும்வரை அதை வெளித்திண்ணையில் வைத்திருக்க நேர்ந்தால், கதவைக் கழற்றி வையுங்கள். ஒளிந்து விளையாடும் பிள்ளைகள் உள்ளே போய் மாட்டிக்கொள்ளக் கூடும்.